தாளுக்கு வெளியே

12.8.2024, திங்கள்

இது போன வருஷத்து டைரி. நகைக்கடையில் சும்மா கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நான் தேதி போட்டு எழுதுகிறேன். எதற்கு என்றால் கையெழுத்து பழக. நான் எட்டாவது வரை படித்தவள். பழக்கம் விட்டுப் போயிற்று.

முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டுமாம். வேலுத்தாய். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'கோமதி கிராபிக்ஸ்' எங்கள் கடை. முன்பக்கம் ஜெராக்ஸும் லேமினேஷனும் நான் பார்ப்பேன். உள்ளே கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம். அவர் இறந்து பத்து மாசம் ஆகிறது. கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துண்டை இன்றைக்குத்தான் எடுத்தேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி அவருக்கு முதலாண்டு. அவர் செத்த அன்றைக்குப் போஸ்டர் வேறு கடையில் அடித்தார்கள். பெயரை நெருக்கிப் போட்டிருந்தார்கள். பார்த்திருந்தால் திட்டியிருப்பார். முதலாண்டுப் போஸ்டராவது அவருடைய கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும்.

பட்டனை அமுக்கினேன். பச்சை லைட் எரிந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

13.8.2024, செவ்வாய்

இன்றைக்கும் அமுக்கினேன். பச்சை லைட்தான்.

16.8.2024, வெள்ளி

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற அருமைராஜ் தம்பி வந்தார். முன்பெல்லாம் வாரம் ஒருமுறை வந்து, என் வீட்டுக்காரரும் அவரும் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெட்டியின் பக்கத் தகரத்தைக் கழற்றினார். உள்ளே தூசி மெத்தை மாதிரி இருந்தது. பல்லி முட்டை ஓடு இரண்டு.

"அக்கா, இதுக்கு வயசு பதினஞ்சு. கம்ப்யூட்டருக்குப் பதினஞ்சுன்னா மனுசனுக்கு நூறு."

"நூறு வயசு ஆளுக உக்காந்து கஞ்சி குடிக்கலையா?"

"குடிப்பாக. ஓடச் சொன்னா ஓடுவாகளா?"

உள்ளிருந்து சீப்பு மாதிரி ஒன்றை உருவினார். அதன் விளிம்பில் தங்கக் கலரில் பல் பல்லாக இருந்தது. பையிலிருந்து அழிரப்பர் எடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அதே ரப்பர். அந்தப் பல்லைத் தேய்த்து ஊதித் திரும்பச் செருகினார். பட்டனை அமுக்கினார். திரை வெளிச்சமாகி, என் வீட்டுக்காரர் வைத்திருந்த கோமதி அம்மன் படம் வந்து நின்றது.

பத்து மாசமாகச் செத்துக் கிடந்தது ஒரு ரப்பருக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டதே.

ஆனால் இது ரொம்ப நாள் தாங்காதாம். இரண்டு வழி சொன்னார். ஒன்று, புதுசு வாங்குவது. இன்னொன்று, இதே பெட்டிக்குள் புது டிஸ்க்கும் புது ரேமும் போடுவது. ரேம் என்பது அந்தச் சீப்பு. டிஸ்க் என்பது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற சாமான். அருமைராஜுக்குப் புதுசு வாங்குவதுதான் சரி என்று பட்டது. "அண்ணன் பத்திரிகை அடிச்ச பழைய பேஜ்மேக்கர் புரோகிராம் புதுசுல ஓடாது. அதனால என்ன? அவுக செஞ்ச வேலையெல்லாம் பிடிஎஃப் ஆக்கித் தாரேன். தாள்ல இருக்கது அச்சு அசலா வந்துரும்."

நான் "சரி" என்றேன். எனக்குச் சரி என்று சொல்வது சீக்கிரம் வரும்.

18.8.2024, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மகள் சங்கரி பேசினாள்.

"எம்மா, கடையப் பூட்டிட்டு இங்க வந்துரு. இல்ல, அங்கதான் இருப்பேன்னா புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன். அந்தத் தகர டப்பாவ எடைக்குப் போடு."

"அப்பா வேலை பாத்ததுலா அது."

"அப்பா போட்டோ எல்லாம் எம் போன்ல இருக்கும்மா."

அவள் சொல்வதிலும் தப்பு இல்லை. இட்லிக்கு ஊறப்போட்டேன்.

20.8.2024, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுத வேண்டும். கை வலித்தாலும் சரி.

கரிவலத்திலிருந்து மந்திரமூர்த்தி அண்ணாச்சி வந்தார். இரண்டாவது மகளுக்கு ஆவணி கடைசியில் கல்யாணம். மூத்தவளுக்கு 2022இல் நம் கடையில் அடித்த பத்திரிகை மாதிரியே வேண்டுமாம், பெயரும் தேதியும் மட்டும் மாற்றி. அருமைராஜ் உட்கார்ந்து பழைய பத்திரிகையை எடுத்தார். மஞ்சள் பார்டர், பிள்ளையார், எல்லாம் வந்தது. முழுசாகப் பார்க்க ஏதோ இரண்டு மூன்று கீயைச் சேர்த்து அமுக்கினார்.

பத்திரிகை சுருங்கிச் சுருங்கித் தீப்பெட்டி அளவு ஆகிவிட்டது. அதைச் சுற்றி வெள்ளையாகப் பெரிய இடம். மொட்டை மாடியில் ஏறி நின்று கீழே கிடக்கிற ஒரு தாளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த வெள்ளை முழுக்க எறும்பு எறும்பாக எழுத்து.

"தாளுக்கு வெளிய இவ்வளவு இடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"மேசை மாதிரிக்கா. வேலை பாக்கும்போது எதையாவது ஓரத்துல போட்டு வச்சுக்கலாம். அச்சுல வராது." ஒரு எறும்புக் கூட்டத்தைப் பெரிசாக்கி, சத்தமாக வாசித்தே விட்டார்: "'இந்த அண்ணாச்சி மூணாவது தடவ மாத்துதார். விட்டா மாப்பிள்ளையையும் மாத்திருவார் போல.'"

மந்திரமூர்த்தி அண்ணாச்சி எழுந்து கண்ணாடியைப் போட்டார். "யாரச் சொல்லுதாரு?"

"அது வேற ஒரு அண்ணாச்சி, அண்ணாச்சி" என்றார் அருமைராஜ்.

"எம் மக பத்திரிகையில வேற அண்ணாச்சிக்கு என்ன சோலி?" என்றவர், தானே சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்து 2022 தையில் குரல்பெட்டியை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் துணி. அதற்குப் பிறகு பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டுவார். வந்தவர்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். எந்தப் பத்திரிகை திறந்திருக்கிறதோ அதன் ஓரத்தில் அடிப்பார் போல. நான் திரையைப் பார்த்திருக்கிறேனே தவிர, அது தாளுக்கு உள்ளேயா வெளியேயா என்று யோசித்ததே இல்லை. வேலை முடிந்ததும் அதை அழித்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

அழிக்கவில்லை. ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

21.8.2024, புதன்

கடை திறக்கும் முன்னே போய் உட்கார்ந்தேன். அருமைராஜ் அந்தக் கீ மூன்றிலும் மார்க்கரால் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார். அமுக்கினால் மாடி ஏறிவிடலாம்.

ஒரு காதுகுத்துப் பத்திரிகையின் ஓரத்தில்: "டீ மூணு சொல்லு. எனக்கு ஆத்திக் கொண்டா."

ஒரு வளைகாப்பில்: "குழம்பு வாசனை எனக்கு இப்பத் தெரியல. ஆனா நீ நல்லாத்தான் வச்சிருப்ப."

ஒரு கண்ணீர் அஞ்சலியில், செத்தவர் படத்துக்குப் பக்கத்திலேயே: "சிரிக்காத. அவுக பாக்காக."

எதற்குச் சிரித்தேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஆனால் சிரித்திருக்கிறேன். அவருக்குக் குரல் போன பிறகும் இந்தக் கடையில் நான் சிரித்திருக்கிறேன். அது உள்ளே இருக்கிறது.

ஊரில் பாதிப் பேர் இந்தப் பெட்டிக்குள் பெயர் கொண்டு பிறந்து, காது குத்தி, கல்யாணம் முடித்து, மாலை போட்ட படமாக இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி வெள்ளையில் இவர் பேசிக்கொண்டே இருக்கிறார். சாமி வீதி உலா வரும்போது நெற்றியில் கை தானாகப் போகுமே, அப்படிப் போயிற்று எனக்கு.

ஒன்று வாசிக்கக் கால் மணி நேரம் ஆகிறது.

24.8.2024, சனி

அருமைராஜ் ஒரு பத்திரிகையைப் பிடிஎஃப் ஆக்கிக் காட்டினார். அழகாக, அச்சு அசலாக இருந்தது. புள்ளி வைத்த கீயை அமுக்கினேன். மாடி ஏறவில்லை.

"வெளிய இருந்தது எங்க தம்பி?"

"அது குப்பைக்கா. பிடிஎஃப்ல வராது."

புள்ளி வைத்த கீயைத் திரும்பவும் அமுக்கிப் பார்த்தேன். அவருக்கே முகம் மாறிவிட்டது. "வேணும்னா ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்துருவோம்" என்றார். குரல் போன பிறகு அடித்த பைல் மட்டும் எத்தனை என்று கேட்டேன். எண்ணிப் பார்த்து, அறுநூற்றுச் சொச்சம் என்றார். அதற்கு மேல் போட்டோவைப் பற்றிப் பேசவில்லை.

29.8.2024, வியாழன்

முதல் பக்கத்தில் எட்டாவது படித்தவள் என்று எழுதினேன். பொய்.

மூன்றாவதோடு நின்று பீடி சுற்றப் போனேன். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் பெரியப்பா எட்டாவது என்று சொல்லிவிட்டார். அச்சு வேலை பார்க்கிற மாப்பிள்ளை, மூன்றாவது என்றால் வேண்டாம் என்று போய்விடுவாரோ என்று பயம். இருபத்தாறு வருஷம் அந்த எட்டைக் காப்பாற்றினேன். கஷ்டமில்லை. வீட்டில் வாசிக்கிற வேலை எல்லாம் அவரே பார்த்தார், எனக்குப் பேச்சே போதும்.

பேச்சு போனதும்தான் மாட்டிக்கொண்டேன். மளமளவென்று அடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் முதல் வார்த்தையை எழுத்துக் கூட்டி முடிக்கும் முன் அவர் பார்வை என்மேல் வந்துவிடும். டீ, தண்ணி, மாத்திரை எல்லாம் கண்டுபிடித்துவிடுவேன். நீளமாக இருந்தால் "சரி" என்பேன். "சரிங்க" என்று சொல்லி ஜெராக்ஸ் பக்கம் போய்விடுவேன்.

அவர் போன பிறகு தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும் முன் முழுக்க வாசித்துப் பழகினேன். ராகு காலத்திலிருந்து பழமொழி வரைக்கும். இப்போது கூட்ட வருகிறது.

எதற்கெல்லாம் சரி என்றேன் என்று தெரிய வேண்டும். அருமைராஜை வாசிக்கச் சொல்லலாம். மகளையும் கேட்கலாம். மாட்டேன். நான்தான் சரி என்றேன். நான்தான் வாசிக்க வேண்டும்.

2.9.2024, திங்கள்

2022இல் கால்வாசிகூட முடியவில்லை. எல்லாவற்றையும் வாசித்து வந்தால் எந்தக் காலம் முடிப்பேனோ என்று, 2023இல் அவர் கடைசியாக அடித்த பைல்களுக்குத் தாவினேன். செப்டம்பர் 12. ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகை. ஓரத்தில் நீளமாக ஆறேழு வரி. பார்த்ததும் அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. நிறைய அடித்துவிட்டு என்னையே பார்த்தார். நான் சரி என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். என்ன இவர் இப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

விரல் வைத்து வாசித்தேன். "வேலு, இந்தத் தடவை என்னை"

அதற்குள் பெட்டிக்குள் டொக், டொக் என்று சத்தம். திரை அப்படியே நின்றது. பிறகு கறுப்பு.

3.9.2024, செவ்வாய்

அருமைராஜ் காதை வைத்துக் கேட்டார். டிஸ்க் சாகப் போகிறதாம்.

"அக்கா, இனிமே ஆன் பண்ணாதீக. இன்னும் ஒரே ஒரு தடவதான் ஓடும்னு வச்சுக்கோங்க. அந்த ஒரு தடவைய நாம காப்பி எடுக்க வச்சுக்கணும்."

"ஒரே ஒரு வரி தம்பி. அதை மட்டும் வாசிச்சிட்டு நிப்பாட்டிருதேன்."

"ஒரு வரிக்கு ஆசப்பட்டா மொத்தமும் போயிரும்க்கா."

"காப்பி எடுத்தா எறும்பெல்லாம் வருமா?"

"எறும்பு, பல்லி முட்டை எல்லாம் வரும். ஆனா அதே பெட்டியில, அதே பழைய புரோகிராம்லதான் ஓடும். புதுசுல வராது. என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்."

"இதுலயே போடுங்க."

இந்தத் தடவை கேட்டது முழுக்கப் புரிந்துதான் சொன்னேன். பழைய சைஸுக்குத் தோதான புது டிஸ்க் மதுரையிலிருந்து வர வேண்டுமாம். பத்து நாள் ஆகும்.

கரன்ட் வயரைக் கழற்றி எதிர் டீக்கடைக்காரம்மாவிடம் கொடுத்தேன். "நானே வந்து கேட்டாலும் தராதீக."

"வயர எதுக்கு அடகு வைக்க, வேலு?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

6.9.2024, வெள்ளி

இந்தத் தடவை என்னை. இந்தத் தடவை என்னை.

மகளிடம் புதுசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உனக்குக் கிறுக்கும்மா" என்று போனை வைத்துவிட்டாள்.

9.9.2024, திங்கள்

வயரைக் கேட்டேன். டீக்கடைக்காரம்மா தரவில்லை. நல்ல மனுசி.

14.9.2024, சனி

புது டிஸ்க் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிறது, சோப்புக் கட்டி கனம்கூட இல்லை. காலை பத்து மணிக்குக் காப்பி எடுக்க ஆரம்பித்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும். பழையது உள்ளே டொக் டொக் என்று அடித்துக்கொண்டது. ஒவ்வொரு டொக்குக்கும் அருமைராஜ் "ஏசப்பா" என்றார், நான் "கோமதித் தாயே" என்றேன். பாதிக் கோட்டில் அரை மணி நேரம் நின்றுவிட்டது. அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நான் பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி சுட்டது.

நாலே முக்காலுக்குக் கோடு முழுசாகப் பச்சையாயிற்று. பழையது ஒருதரம் நீளமாகச் சத்தம் விட்டு நின்றது. திரும்பப் போட்டுப் பார்த்தார். எழவே இல்லை.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு தகரச் சாமானுக்கு இவ்வளவு நியாயம் இருக்குமா?

15.9.2024, ஞாயிறு

வாசித்துவிட்டேன். பார்த்து எழுதுகிறேன்.

"வேலு, இந்தத் தடவை என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாத. ஊசி போட்டே இருக்க நாளையும் தின்னுருவாங்க. நான் இங்கயே உக்காந்து வேலை பாக்கேன். முடியாதப்ப பின்னால கட்டில்ல படுத்துக்கிடுதேன். ஜெராக்ஸ் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும். சரியா?"

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு: "சரின்னுட்ட. இப்பதான் நிம்மதி."

போன வருஷம் செப்டம்பர் 14ஆம் தேதி காலையில் வாசலில் ஆட்டோவை நிறுத்தி, பையைக் கட்டி வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர் ஆட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மறந்துட்டீகளா? இன்னைக்கு ஆஸ்பத்திரிலா" என்றேன். ஒன்றும் செய்யாமல் ஏறி உட்கார்ந்தார். போகிற வழியெல்லாம் என் உள்ளங்கையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். குளிருகிறது என்று நினைத்துத் துண்டைப் போர்த்திவிட்டேன். நாலு நாள் வார்டில் இருந்தார்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியாது.

16.9.2024, திங்கள்

ஜெராக்ஸ் 140. லேமினேஷன் 6.

19.9.2024, வியாழன்

துணிந்து அதற்கு அடுத்த பைலைத் திறந்தேன். செப்டம்பர் 19, 2023. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள். மாடி ஏற வேண்டிய அவசியமே இல்லை, கீழிருந்தே தெரிந்தது. எறும்பு இல்லை. யானை. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம்.

"தண்ணி."

"உக்காரு."

"நீ சாப்டியா?"

ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து பெரிது பெரிதாகத்தான் அடித்தார். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. எனக்கு எவ்வளவு லேசாகிவிட்டது அப்போது. அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். "கண்ணாடிய மாத்துவோமா?" என்று கேட்டேன். சிரித்தார்.

அருமைராஜ் வந்தபோது, எழுத்து எத்தனை பெரிது என்று எங்கே பார்ப்பது என்று கேட்டேன். எழுத்தின் மேல் தட்டினால் ஒரு கட்டத்தில் நம்பர் வரும் என்று காட்டினார். தம்பி கிளம்பிய பிறகு தட்டித் தட்டிப் பார்த்தேன். செப்டம்பர் 12 வரைக்கும் எல்லாம் 12. செப்டம்பர் 19 முதல் எல்லாம் 72.

அதே 19ஆம் தேதி அடித்த பத்திரிகையின் அடியில் எங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தது. அதையும் தட்டினேன். 6. கண் மங்கியவர் அந்த எழுத்தை ஒரு பிழை இல்லாமல் அடித்திருக்கிறார்.

அடுத்த பைலில் வெள்ளை முழுக்க மூன்றே வார்த்தை. "இனி ஆஸ்பத்திரி வேண்டாம்." இதை நான் அன்றைக்கே வாசித்தேன். உடனே வாசித்தேன். சரி என்றேன். அதன்படியே செய்தேன். பின்பக்கக் கட்டிலில்தான் படுத்திருந்தார். ஒருவருக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் போனார்.

கேட்கவே இல்லையே. எட்டா மூணா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, கண் தெரியாதவர் மாதிரி என் முன்னால் உட்கார்ந்திருந்தாரே.

இந்த மனுஷனோடா நான் இருபத்தாறு வருஷம் இருந்தேன்?

8.10.2024, செவ்வாய்

கீ மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி மூன்று வாரமாகப் பழகியதில் போஸ்டரை நானே அடித்தேன். காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆயிற்று. பெயரை நெருக்கவில்லை. சங்கரி வந்திருக்கிறாள். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எம்மா, நீயா அடிச்ச?" என்றாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். தகர டப்பா என்று சொல்லவில்லை.

அச்சுக்கு அனுப்பும் முன் அருமைராஜ் ஒருதரம் முழுசாகப் பார்க்க மாடி ஏறினார்.

"அக்கா, வெளிய எறும்பு மாதிரி ஏதோ கெடக்கு. அழிச்சிரவா?"

"இருக்கட்டும்."

பெரிதாக்கி வாசித்தார். "'வாசிச்சிட்டேன். சரி.' இதுவாக்கா? இதப் போய் இவ்வளவு பொடிசா, பன்னெண்டுல அடிச்சிருக்கீக?"

"அவுகளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றேன்.